எண்ணிக்கையும் இருக்கையும்

நம் தேசத்தின் ஆகப் பெரிய விளையாட்டரங்கம் எது என்று கேட்டால், 2020-ல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட, 1,32,000 பேர் அமரத்தக்க அகமதாபாத் அரங்கத்தைச் சொல்லிவிட்டு எவரும் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவர். கும்ப மாதத்துக் கொங்கன் படைத் திருவிழாவுக்குத் திரளும் ஜனசமுத்திரத்தைப் பிள்ளைப் பிராயம் முதல் கண்டு வளர்ந்த பாலக்காட்டுச் சித்தூர்க்காரனான எனக்கோ, கூடியவர் எத்தனை பேர் என்று கேட்கும்போதே, அவர்கள் பத்திரமாக வீடு திரும்பினார்களா என்ற கவலையும் உடன் எழுகிறது.

இவ்விஷயத்தில் கல்கத்தாவின் சரித்திரம் விஸ்தாரமாகச் சொல்லத்தக்கது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் தோட்ட அரங்கத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய கால்பந்தாட்டத்தின்போது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் மாண்டனர். 1984-ல் திறக்கப்பட்ட சால்ட் லேக் அரங்கத்தில், 1997 ஜூலை 13 அன்று அதே இரு அணிகள் ஆடிய ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு 1,31,000-க்கும் மேற்பட்டோர் திரண்டனர்; பைச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. இன்று அவ்வரங்கில், படிக்கட்டு போன்ற சிமெண்டு வரிசைகள் போய்த் தனித்தனி இருக்கைகள் வந்தபின், அன்று திரண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே இடமுண்டு. லட்சம் பேரைக் கொண்ட ஈடனும் 2011 கிரிக்கெட் உலகக் கோப்பைக்குள் 67,000 அளவுக்குச் சுருங்கியது; கொச்சியின் நேரு அரங்கம் 2017-ல் இன்னும் கடுமையாகக் குறைக்கப்பட்டது. இப்படி இடம் குறைந்ததைச் சிறுமை என்று நான் கருதவில்லை.

பெரிய அரங்குகளுக்கேனும் இவ்விதம் ஒரு கணக்கு வந்துவிட்டது. அணிக்கு எழுவராக ஆடும் கேரளத்துச் செவன்ஸ் கால்பந்தாட்டங்களுக்காகக் கமுகந்தடிகளை நட்டு, குறுக்கே மரம் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டும் தற்காலிக கேலரிகளில், இன்னும் ஒருவர் ஏறலாம் என்பதே கணக்கு. 2019 டிசம்பரில் பெரிந்தல்மண்ணையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே மைதானத்தில் சரிந்து உயிர்நீத்த பாலக்காட்டு வீரர் ஆர். தனராஜனின் குடும்பத்துக்கு நிதி திரட்ட, அடுத்த மாதம் பாலக்காடு நூறணி மைதானத்தில் ஓர் ஆட்டம் ஏற்பாடாயிற்று. ஆட்டம் தொடங்குமுன்பே தற்காலிக கேலரி சரிந்து ஐம்பது பேர் அளவில் காயமுற்றனர். கல்கத்தாவின் பெருங்கழகங்களில் ஆடியவர் தனராஜன். அவர் பொருட்டு நூறணிக்கு வந்திருந்தவர்களுள் பைச்சுங் பூட்டியாவும் ஒருவர்.