கப்பலூரிலிருந்து மூன்று கோயில்கள்

கப்பலூரில் கப்பல் கிடையாது, கடலும் கிடையாது. மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம் போகிற வழியில் இருக்கிற ஊர் அது. பெயரை நம்பி உப்புக் காற்றைத் தேடிப் போகிறவருக்கு லாரிப் புகைதான் கிடைக்கும்.

அந்த ஊரில் குடியிருக்கும் என் நண்பர் ஒருவர் சமீபத்தில் மால்டாத் தீவுக்குப் போய்விட்டு வந்தார். மத்தியதரைக் கடலுக்கு நடுவில் இருக்கிற சின்னஞ்சிறு தீவு. நம் மதுரை மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. புனித பவுல் கப்பல் உடைந்து கரையேறிய இடம் என்று அதற்கு ஒரு பெருமை. ஆண்டுக்கு எத்தனை நாளோ அத்தனை கோயில் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்களாம். நண்பர் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, "நம்ம பக்கத்திலே இந்த மாதிரி என்ன ஸார் இருக்கு?" என்று கேட்டுவிட்டார்.

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. "உங்கள் ஊரிலிருந்து மூன்று பக்கமும் சாலை போகிறது. மூன்றிலும் போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு பேசுவோம்" என்றேன்.

முதல் நாள் வடக்கே, மதுரைக்குப் போனோம். வெள்ளைக்காரர் காலத்தில் பழைய கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து உண்டாக்கியவை வெளி வீதிகள். கீழவெளி வீதியில் இரட்டைக் கோபுரங்களோடு வியாகுல மாதா கோயில் நிற்கிறது. நண்பர் அண்ணாந்து பார்த்து ரசித்தார். ஆனால் நான் அவருக்குச் சொல்ல நினைத்தது அந்தக் கோயிலைப் பற்றி அல்ல. இப்போது இருந்த இடம் தெரியாமல் போய்விட்ட வேறொரு கோயிலைப் பற்றி.

1595இல் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் மதுரைக்கு வந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வந்து போகும் பரதவர்களுக்கு அவர் குருவாக இருந்தார். பத்து ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டும் மதுரைக்காரர்கள் அவரை நெருங்கவில்லை. "அது பறங்கி மதம்" என்று ஒதுங்கிவிட்டார்கள். 1606இல் இத்தாலியப் பிரபு குடும்பத்துப் பிள்ளையான ராபர்ட் டி நொபிலி வந்து சேர்ந்தார். வயது 29. அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி கட்டினார், பாதக்குறடு போட்டுக்கொண்டார், மாமிசத்தை விட்டார். தமிழும் வடமொழியும் கற்றார். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டு தமிழில் உரைநடை நூல்கள் எழுதினார். மேல்சாதிக்காரர்கள் அவரிடம் வந்தார்கள். பூணூலும் குடுமியும் சமூக வழக்கமே தவிர மதச் சின்னம் அல்ல என்று அவர் வாதாடினார். சொந்தச் சபையிலேயே எதிர்ப்புக் கிளம்பி, விவகாரம் ரோமாபுரி வரை போயிற்று. 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அந்த வழக்கங்களை அனுமதித்து ஆணை வெளியிட்டார்.

"பெரிய மனிதர்தான் ஸார்! நமக்காக நம்மைப் போலவே ஆகிவிட்டாரே!" என்றார் நண்பர்.

"ஆமாம். ஆனால் நம்மில் யாரைப் போல ஆனார் என்று பார்க்கவேண்டாமா?" என்றேன்.

அந்த வேஷத்தைக் காப்பாற்ற அவர் பெர்னாண்டஸோடு ஒரே வீட்டில் இருக்க முடியவில்லை. பரதவர்கள் கும்பிடுகிற கோயிலில் தம்மை நாடி வந்தவர்களை உட்காரவைக்கவும் முடியவில்லை. வீடு வேறு, கோயில் வேறு என்றாயிற்று. பிற்பாடு, மற்றச் சாதிகளுக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிக் குருமார் ஏற்பட்டார்கள். வேதத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர், கூடவே சாதியையும் கோயிலுக்குள் வர விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்வது எனக்கு அத்தனை சுலபமாக இல்லை. மதுரையில் சிறைவாசம் அனுபவித்து, கண் பார்வை மங்கி, 1656இல் மயிலாப்பூரில் கண்ணை மூடினார் அந்த மனிதர்.

இரண்டாம் நாள் கிழக்கே கிளம்பினோம். கப்பலூரில் சுற்றுச்சாலையைப் பிடித்து, மானாமதுரைச் சாலையில் போனால், வைகைக் கரையோரத்தில் இடைக்காட்டூர் வருகிறது. வயல்களுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவில் பிரான்ஸ் தேசத்துக் கோயில் ஒன்று நிற்பதைப் பார்த்து நண்பர் வாயடைத்துப் போனார். பெர்தினாந்து செல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் ரைம்ஸ் நகரத்துப் பேராலயத்தை மாதிரியாக வைத்து 1894இல் கட்டிய திரு இருதய ஆலயம் அது. நொபிலி செய்ததற்கு இது நேர் எதிர். அவர் அந்நிய உருவத்தை மறைத்தார். இவர் அதை அப்படியே கொண்டுவந்து நிறுத்தினார். ஆனால் கட்டடம் முழுவதும் நம் ஊர்ச் சரக்கு. செங்கல்லும் ஓடும் சுமார் 200 வகை அச்சுகளில் வார்க்கப்பட்டனவாம். சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சாந்தாம். அன்று நல்ல வெயில். உள்ளே போனதும் உடம்பு குளிர்ந்தது.

மூலக் கோயிலான ரைம்ஸில்தான் பிரெஞ்சு அரசர்களுக்கு முடிசூட்டுவார்கள். 1914 செப்டம்பரில் ஜெர்மானியப் பீரங்கிக் குண்டுகள் விழுந்து அதன் கூரை எரிந்தது. செப்பனிட்டு முழுவதும் திறக்க 1938 ஆகிவிட்டது. அத்தனை காலமும் இடைக்காட்டூர்க் குழந்தை, ஒரு கீறல் இல்லாமல், வைகையில் தண்ணீர் வருமா வராதா என்ற ஒரே கவலையோடு இருந்திருக்கிறது.

"இது போதும் ஸார், மால்டாவுக்குச் சரியாகப் போயிற்று" என்றார் நண்பர். "இன்னும் ஒரு சாலை பாக்கி இருக்கிறது" என்றேன்.

மூன்றாம் நாள் தெற்கே, கன்னியாகுமரிச் சாலையில் போனோம். திருநெல்வேலியைத் தாண்டி, பணகுடிக்கு அப்பால் வடக்கன்குளம். திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவலராக இருந்த நீலகண்ட பிள்ளை 1745இல் இந்த ஊரில்தான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகியவர் அவர். 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

அப்படிப்பட்டவர் தலையில் தண்ணீர் வார்த்த ஊரில், 120 ஆண்டுகளுக்கும் பிறகு ஒரு கோயில் எழுந்தது. ஒரே பலிபீடம், அதை நோக்கி இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் இரண்டு நீண்ட மண்டபங்கள். ஒன்று வெள்ளாளருக்கு, மற்றொன்று நாடார்களுக்கு. நடுவில் சுவர். பூசை ஒன்றுதான், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டியதில்லை. அமைப்பைப் பார்த்த ஜனங்கள் அதற்குக் 'கால்சட்டைக் கோயில்' என்று பெயர் வைத்தார்கள். மதுரையில் காவி கட்டிய துறவி போட்ட கோடு, வடக்கன்குளத்தில் செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்து நின்றுவிட்டது.

1910இல் பாதிரிமார் அந்தச் சுவரை இடித்தார்கள். வழக்கு வந்தது, சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. சுவரை மறுபடியும் எழுப்ப நீதிமன்றம் இணங்கவில்லை.

நண்பர் வெகுநேரம் பேசாமல் நின்றார். கையில் இருந்த காமிரா கையிலேயே இருந்தது. "இதை எப்படி ஸார் படம் எடுக்கிறது? இல்லாத சுவரை?" என்றார்.

அப்போது ஒரு சிறுமி இந்த மண்டபத்திலிருந்து அந்த மண்டபத்துக்கு ஓடினாள். பலிபீடத்தண்டை போய்த் திரும்பி, மறுபடியும் ஓடிவந்தாள்.

"ஓடாதேடி! கோயில்!" என்று அவள் தாய் அதட்டினாள்.

ஓடுவதைத்தான் அவள் அதட்டினாள். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு என்று அவள் கேட்கவே இல்லை.