அடி வாங்கும் வயது

2024 ஆகஸ்டில் நாட்டிங்காமின் ட்ரெண்ட் பிரிட்ஜ் மைதானத்தில், சர்ரே அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் பத்து விக்கெட் எடுத்தார் ஃபர்ஹான் அகமது என்ற ஆஃப் ஸ்பின்னர். வயது பதினாறு. இங்கிலாந்தில் முதல்தர ஆட்டமொன்றில் பத்து விக்கெட் எடுத்த மிக இளையவர் என்ற பெயர் அதுவரை டபிள்யூ. ஜி. கிரேஸிடம் இருந்தது, 1865-ல் எழுதப்பட்ட கணக்கு 159 ஆண்டுகள் கழித்துத் திருத்தப்பட்டது. ஃபர்ஹானின் அண்ணன் ரெஹான் அகமது லெக் ஸ்பின்னர். 2022 டிசம்பரில் கராச்சியில், 18 வயது 126 நாளில், இங்கிலாந்து ஆண்கள் அணிக்காக டெஸ்ட் ஆடிய மிக இளையவர் ஆனார். இரண்டாவது இன்னிங்ஸில் 48 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் நம் வாயில் முதலில் வருவது ‘பிறவி மேதை’ என்ற சொல். அந்தச் சொல் சிறுவனைப் புகழ்கிறது. அவன் பின்னால் நின்ற ஏற்பாட்டை மறைத்துவிடுகிறது. பதின்வயதுச் சுழற்பந்து வீச்சாளர் எந்த ஊரிலும் தானாக முளைப்பதில்லை. அவன் தவறாகப் போடும் ஓவர்களின் செலவை யாரோ ஒருவர் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார். அப்படி எழுதிக்கொள்ள ஆள் இருந்த இடத்தில் அவன் நிலைத்தான். இல்லாத இடத்தில் இரண்டு பருவம் மின்னி மறைந்தான். சென்னையின் கிரிக்கெட் வரலாறே இதற்குச் சாட்சி. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை நீளும் தொழிற்சாலைப் பாதையில் வளரும் பிள்ளைகளுக்கும் அந்த வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது.

சுழற்பந்து வீச்சு அடி வாங்கிக் கற்கும் தொழில். வேகப்பந்து வீச்சாளனுக்கு உடல் வளர வேண்டும். அதற்கு உணவும் உடற்பயிற்சியும் ஓய்வும் வேண்டும். ஸ்பின்னருக்கு வளர வேண்டியது கணிப்பு. பந்தை எவ்வளவு உயரம் தூக்கிப் போடலாம், எந்த மட்டைக்காரர் இறங்கி வருவார், கூக்ளியை எப்போது ஒளித்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் நெட்டில் பாதிதான் தெரியும். மீதியைக் கற்க, ஸ்கோர் எழுதப்படும் ஆட்டத்தில், விளைந்த மட்டைக்காரர்கள் எதிரே நின்று பந்தை எல்லைக்கு அனுப்ப வேண்டும். அந்த ரன்கள் அணியின் கணக்கில் ஏறும், தோல்விக்குக் காரணமாகவும் ஆகும். ஆகவே பதினேழு வயது ஸ்பின்னருக்கு ஓவர் கொடுப்பது கேப்டனுக்குக் கைப்பொருள் செலவு. அதைத் தாங்கும் அமைப்பு இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

இங்கிலாந்தில் அந்த அமைப்புக்குப் பெயர் கவுண்டி. டெரெக் அண்டர்வுட் 1963-ல் பதினேழு வயதில் கென்ட் அணிக்குள் வந்து, அந்த முதல் பருவத்திலேயே நூறு விக்கெட் எடுத்தார். அந்தக் காலத்தில் ஒரு கவுண்டி ஒரு பருவத்தில் சாம்பியன்ஷிப்பில் மட்டும் 28 ஆட்டம் ஆடியது. ஒரு ஆட்டத்தில் அடி வாங்கினால் அதே வாரத்தில் அடுத்த ஆட்டம் காத்திருந்தது. ஆடுவதற்கு ஊதியமும் உண்டு. அண்டர்வுட் டெஸ்ட் அணிக்கு வந்தது 1966-ல்தான். அதற்குள் மூன்று பருவங்களின் ஓவர்கள் அவர் விரல்களில் இருந்தன. 297 டெஸ்ட் விக்கெட்டுகளோடு முடிந்த அந்த வாழ்க்கை, கென்ட் அவருக்குக் கொடுத்த ஓவர்களிலிருந்து தொடங்கியது.

சென்னையிலும் இதற்கு ஈடான ஓர் ஏற்பாடு இருந்தது. 1934 நவம்பர் 4-ல் சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சி ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. மைசூரைச் சாய்த்தவர் ஏ. ஜி. ராம்சிங் என்ற இடது கைச் சுழற்பந்து வீச்சாளர், பதினோரு விக்கெட். அன்று முதல் இந்த ஊரின் கை சுழற்பந்துக் கை என்று பெயர். பந்து எகிறித் திரும்பும் மேட்டிங் பிட்ச் அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம், என் பார்வையில் பெரிய காரணம், சென்னை லீக். கல்லூரி மாணவனும் வங்கி ஊழியரும் ரஞ்சி வீரரும் ஒரே களத்தில் இறங்கினார்கள். செம்பியத்தின் இந்தியா பிஸ்டன்ஸ், இந்தியா சிமெண்ட்ஸ், எம்.ஆர்.எஃப்., ஐ.சி.எஃப்., ஸ்டேட் வங்கி என்று நிறுவனங்கள் அணி வைத்தன. 1966-ல் ஜாலி ரோவர்ஸ் அணியை சன்மார் குழுமம் ஏற்றது. வீரனுக்கு நிரந்தர வேலை, மாதச் சம்பளம், ஆட்ட நாளில் விடுப்பு. கவுண்டி ஒப்பந்தமாகக் கொடுத்ததை இங்கே நிறுவனம் வேலையாகக் கொடுத்தது. பிள்ளை அடி வாங்கும் வருடங்களில் வீட்டில் அடுப்பு எரிய அது வழி செய்தது.

அந்த ஏற்பாடு விளைவித்த முதல் பெரிய பதின்வயதுக்காரர் எஸ். வெங்கட்ராகவன். அண்டர்வுட் பிறந்த அதே 1945-ல் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரி மாணவர். 1965 பிப்ரவரியில் நியூசிலாந்துக்கு எதிராகச் சென்னையில் டெஸ்ட் ஆடியபோது வயது பத்தொன்பது; அடுத்த மாதமே டெல்லியில் ஒரு இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு 8, ஆட்டத்தில் பன்னிரண்டு விக்கெட். அதோடு நாட்டின் கண்மணி ஆகிவிடவில்லை. பிரசன்னா, பேடி, சந்திரசேகர் என்ற மூவரோடு ஓர் இடத்துக்காகப் பல ஆண்டு மோதினார். அணியில் இல்லாத நாட்களில் அவருக்குத் திரும்ப ஓர் இடம் இருந்தது: லீக், ரஞ்சி, 1973 முதல் 1975 வரை டெர்பிஷயர் கவுண்டி. 57 டெஸ்ட், 156 விக்கெட், ரஞ்சியில் ஐந்நூறுக்கு மேல், 1975, 1979 உலகக் கோப்பைகளில் கேப்டன் பொறுப்பு. பதின்வயதில் வந்தவர் முப்பத்தெட்டு வயது வரை டெஸ்ட் ஆடினார்.

அடுத்தவர் எல். சிவராமகிருஷ்ணன். 1965-ன் கடைசி நாளில் பிறந்தவர். 1981-82 பருவத்தில், பதினாறு வயதில், ரஞ்சியில் டெல்லியின் ஒரு இன்னிங்ஸை 28 ரன்னுக்கு 7 விக்கெட் என்று உடைத்தார். 1983-ல் ஆன்டிகுவாவில், 17 வயது 118 நாளில், அன்றைக்கு இந்தியாவின் மிக இளைய டெஸ்ட் வீரர், விக்கெட் கிடைக்கவில்லை. 1984 நவம்பரில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக இரு இன்னிங்ஸிலும் ஆறாறு விக்கெட், டெல்லியில் மறுபடி ஆறு. மூன்று இன்னிங்ஸில் பதினெட்டு. ஐந்து டெஸ்ட் முடிந்தபோது மொத்தம் இருபத்துமூன்று. அதாவது முதல் மூன்று இன்னிங்ஸுக்குப் பிறகு தொடர் முழுதும் கிடைத்தது ஐந்துதான். இங்கிலாந்துக்காரர்கள் அவரைப் படித்துவிட்டார்கள். 1985 மார்ச்சில் மெல்போர்னில் உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் மீண்டும் ஜொலித்தார். 1986 ஜனவரியில் சிட்னியோடு டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. ஒன்பது டெஸ்ட், 26 விக்கெட். அப்போது அவருக்கு இருபது வயது நிரம்பிச் சில நாட்களே ஆகியிருந்தன. அண்டர்வுட் டெஸ்டுக்குள் நுழைந்த வயதைக்கூட அவர் அன்று எட்டவில்லை.

இந்தச் சரிவுக்குப் புகழ் தலைக்கேறியது காரணம், மனவுறுதி போதவில்லை என்று அன்று முதல் சொல்லி வருகிறார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளையின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றும் அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. மட்டைக்காரர்கள் ஒரு ஸ்பின்னரைப் படித்துவிட்டால், அவர் ஊர் திரும்பி, ஆளில்லாக் களங்களில் நூற்றுக்கணக்கான ஓவர் போட்டுப் புது வித்தை கற்றுத் திரும்ப வேண்டும். அன்றைய இங்கிலாந்துக் கவுண்டி பருவத்துக்கு 24 சாம்பியன்ஷிப் ஆட்டம் ஆடியது. தென் மண்டல ரஞ்சியில் லீக் கட்டத்தில் ஓர் அணிக்குக் கிடைத்தவை நான்கைந்து ஆட்டங்கள். அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது சென்னை லீக். ஆனால் நாட்டு அணியோடு சுற்றும் பிள்ளை லீக்கில் எங்கே ஆடுவது? தொழில் பழகும் வயதில் அவரைப் பட்டறையிலிருந்து எடுத்துப் போனார்கள். திரும்பக் கொண்டுவந்து உட்கார வைக்கும் பொறுப்பு யாருக்கும் இருக்கவில்லை. இது சென்னைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1988 ஜனவரியில் இதே சேப்பாக்கத்தில், பத்தொன்பது வயது நரேந்திர ஹிர்வானி முதல் டெஸ்டிலேயே மேற்கிந்தியத் தீவுகளின் பதினாறு விக்கெட்டை 136 ரன்னுக்கு எடுத்தார். அவருடைய டெஸ்ட் வாழ்க்கையும் பதினேழு ஆட்டத்தோடு நின்றது.

அதே ரஞ்சி, அதே லீக்தானே வெங்கட்ராகவனுக்கும் இருந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆஃப் ஸ்பின் கட்டுக்குள் நிற்கும் கலை. லெக் ஸ்பின்னில் மணிக்கட்டு சற்றுப் பிசகினால் பந்து இடுப்புயர ஃபுல் டாஸாகப் போய் விழும். கற்கும் காலம் அதற்கு நீளம். ஆனால் நம் ஊர் லெக் ஸ்பின்னரைத் தாங்கத் தெரியாத ஊரும் இல்லை. வி. வி. குமார் 1961-ல் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் டெஸ்டில் ஐந்து விக்கெட் எடுத்தும் இரண்டு டெஸ்டோடு நிறுத்தப்பட்டார். ஆனாலும் ரஞ்சியில் நானூறுக்கு மேல் விக்கெட் குவித்தார். நாடு கைவிட்டபோது ஊர் அவரை வைத்துக்கொண்டது. குமார் டெஸ்டுக்குப் போனது இருபத்தைந்து வயதில், தொழில் கைவந்த பிறகு. சிவராமகிருஷ்ணன் போனது அது கைவருமுன். வேறுபாடு அங்கே இருக்கிறது.

கவுண்டி அமைப்பை நான் பொன்னாக்கிக் காட்டுகிறேன் என்றும் சொல்லலாம். அங்கேயும் தோல்விகள் உண்டு. ஹமீதுல்லா காதிரி 2017-ல் பதினாறு வயதில் டெர்பிஷயருக்காக முதல் ஆட்டத்திலேயே ஐந்து விக்கெட் எடுத்தார். பிறகு கென்ட் போனார். தொடக்கம் தந்த நம்பிக்கை அளவுக்கு அந்தப் பயணம் நீளவில்லை. ரெஹான் அகமதுகூட டெஸ்டுக்கு முன் ஆடிய முதல்தர ஆட்டங்கள் மூன்றே. ஆக, அவசரம் இங்கிலாந்துக்கும் தொற்றியிருக்கிறது. ஆனால் டெஸ்ட் அணியில் இடம் நிலைக்காதபோது ரெஹானுக்கு லெஸ்டர்ஷயர் இருந்தது. 2025-ல் அந்தக் கவுண்டி இரண்டாம் டிவிஷனை வென்ற பருவத்தில், டெர்பிஷயருக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் சதமும் பதின்மூன்று விக்கெட்டும் அவருடையவை. இருபது வயதில் சிவராமகிருஷ்ணனுக்குக் கிடைக்காத திரும்பும் வழி, இருபது வயதில் ரெஹானுக்குக் கிடைத்தது. அமைப்பு எல்லோரையும் காப்பாற்றாது. விழுந்தவன் எழ ஓர் இடம் வைத்திருக்கும், அவ்வளவே. அந்த ‘அவ்வளவு’ சிறியதல்ல.

இன்று டி20 அந்த இடத்தை நிரப்பிவிட்டது என்பவர்களுக்கும் ஒரு பதில் வேண்டும். வாஷிங்டன் சுந்தர் பதினேழு வயதில் ஐபிஎல் ஆடினார், பதினெட்டில் இந்தியாவுக்கு ஆடினார், உண்மைதான். ஆனால் அந்த ஆட்டத்தில் ஒரு பவுலருக்கு நான்கு ஓவர். அங்கே ஸ்பின்னர் ரன்னை அடைக்கக் கற்கிறார். ஆளை வீழ்த்தப் பொறிவைக்க நேரமில்லை. வாஷிங்டன் புணேயில் நியூசிலாந்தின் ஏழு விக்கெட்டை 59 ரன்னுக்கு எடுத்தது 2024-ல், இருபத்தைந்து வயதில். அஸ்வின் முதல் டெஸ்ட் ஆடியதும் இருபத்தைந்தில். 537 விக்கெட்டோடு ஓய்ந்தார். இந்தக் கைக்கு ஆண்டுகள் தேவை என்பதை இருவரும் மெய்ப்பித்தார்கள்.

இனி சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வருவோம். பாறையைக் குடைந்த நரசிம்மர் கோவிலின் பெயரால் அறியப்படும் இந்த ஊர், செங்கல்பட்டு மின்சார ரயில் பாதையில் இருக்கிறது. ஒரு பக்கம் மறைமலைநகர், மறுபக்கம் மகேந்திரா வேர்ல்டு சிட்டி, மேற்கே போனால் ஒரகடத்தின் கார், டயர், மோட்டார் சைக்கிள் ஆலைகள். ஒரு காலத்தில் செம்பியம் இருந்த இடத்தில், சென்னையின் தொழில் வலிமையாக, இன்று இந்தப் பாதை நிற்கிறது. விளையாட்டுக்கென்று இந்த வட்டாரத்தில் இடமே இல்லாமல் இல்லை: 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தயத்துக்கென்று ஓடுதளம் இருக்கிறது. ஆனால் பழைய லீக்கைத் தாங்கிய தூண் நிரந்தர வேலை. ஒப்பந்தத் தொழிலாளியாகவும் பழகுநராகவும் ஷிப்டுக்குப் போகும் இளைஞனுக்கு நாள் முழுதும் நடக்கும் லீக் ஆட்டத்துக்கு விடுப்பு எங்கே கிடைக்கும்? மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022-ல் உற்பத்தியை நிறுத்தியதைக் கண்ட வட்டாரம் இது. வேலையே நிலையில்லாத இடத்தில் விளையாட்டுக்காக வேலை என்ற வழக்கம் தானாக வேர்விடாது.

ஆகவே பழையதை அப்படியே திரும்பக் கேட்பதில் பயனில்லை. அது செய்த வேலையைச் செய்ய என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். தாம்பரம் தாண்டி நகரத்துக்கு ரயிலேறும் பிள்ளை, மட்டைப் பையோடு தினமும் பல மணி நேரத்தைப் பயணத்தில் கரைக்காதபடி இந்தப் பாதையிலேயே ஒரு டர்ஃப் மைதானம். ஆலைகள் சேர்ந்து நடத்தும் இரண்டு நாள் ஆட்ட லீக். அதில் பெரியவர்களோடு ஆட பதினாறு, பதினேழு வயதுக்காரர்களுக்கு இடம். ஆடும் வருடங்களுக்கு உதவித்தொகை. ஒரு ஆலை தன் பட்டறையில் தொழில் பழகும் இளைஞன் முதல் வருடம் பாழாக்கும் இரும்பைக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. இல்லாவிட்டால் அடுத்த வருடம் கைதேர்ந்த கடைசல்காரன் கிடைக்கமாட்டான் என்று அதற்குத் தெரியும். ஸ்பின்னரின் கையும் அதே கணக்கில்தான் விளையும். நாற்பது ரன் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கும் பிள்ளையின் கையில் பந்தைத் திரும்பக் கொடுத்து, இன்னொரு ஓவர் போடச் சொல்லும் கேப்டனை இந்த வட்டாரம் உண்டாக்க வேண்டும்.