சுவாச வாயுப் பரிமாற்றம்

உள்ளிழுத்த காற்றிலுள்ள பிராணவாயு நுரையீரலிலிருந்து இரத்தத்திற்கும், உடலில் உண்டான கரியமிலவாயு இரத்தத்திலிருந்து நுரையீரலுக்கும் இடம் மாறுவது சுவாச வாயுப் பரிமாற்றம் எனப்படும். இது நிகழும் ஸ்தலம், மூச்சுக்குழலின் கடைசிக் கிளைகளில் திரள்திரளாய் அமைந்த காற்றறைகளாகும். வயது வந்தவரிடம் ஏறக்குறைய 30 கோடி என மதிப்பிடப்படும் இவ்வறைகளின் மொத்தப் பரப்பு சுமார் 70 சதுர மீட்டர். காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சவ்வோ, மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லியது.

இச்சவ்வு தன் சக்தியாலேயே பிராணவாயுவைச் சுரந்து இரத்தத்துள் செலுத்துகிறதென்று கிறிஸ்டியன் போர் என்னும் டேனிஷ் விஞ்ஞானி கருதினார். அவருடைய மாணாக்கரான ஆகஸ்ட் குரோக்கும் அவர் மனைவி மேரி குரோக்கும் 1910-ல் வெளியிட்ட ஆராய்ச்சிகள், வாயுக்களை நகர்த்துவது அழுத்த பேதம் ஒன்றே என்று ஸ்தாபித்தன. காற்றறையில் பிராணவாயுவின் பகுதி அழுத்தம் (கலவையில் அவ்வாயு மட்டும் செலுத்தும் அழுத்தம்) பாதரச அளவில் சுமார் 100 மில்லிமீட்டர். அங்கு வந்துசேரும் இரத்தத்தில் 40. கரியமிலவாயுவுக்கோ பேதம் ஆறு மில்லிமீட்டரே; எனினும் அது பிராணவாயுவைவிடச் சுமார் இருபது மடங்கு எளிதாகச் சவ்வை ஊடுருவுவதால் அச்சிறு பேதமே போதுமாகிறது. காற்றறையைச் சூழ்ந்த நுண்ணிய இரத்தக்குழாயான தந்துகியில் இரத்தம் தங்கும் முக்கால் விநாடியில், முதற் கால் விநாடிக்குள்ளாகவே, இரத்தத்தில் வாயுவைச் சுமக்கும் பொருளான ஹீமோகுளோபின் தன் பிராணவாயுவை ஏற்று முடிக்கிறது.

அழுத்த பேதமே வாயுக்களை நகர்த்துகிறது என்னும் இந்த நியதியை விளக்க, மூச்சடக்கி மூழ்குவோர் வாழும் இராமநாதபுரக் கடற்கரை பொருத்தமான இடம் எனலாம்.  அதன் தெற்கே மன்னார் வளைகுடாவில் கீழக்கரை முதலிய ஊர்களின் குளியாட்கள் முத்தும் சங்கும் எடுக்க ஒரே மூச்சில் மூழ்கிப் பெயர் பெற்றவர்கள். பாம்பன், இராமேசுவரம் பகுதிப் பெண்கள், கண்ணாடி அணிந்து விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி ஆகிய கடற்பாசிகளைப் பறிக்க இன்றும் மூழ்குகின்றனர்.

பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகி, நுரையீரற் காற்று பாதியாய்ச் சுருங்குகிறது. அப்போது பிராணவாயுவின் பகுதி அழுத்தமும் உயர்வதால், குளியாள் அடித்தளத்தில் குறையேதும் உணர்வதில்லை. கரியமிலவாயுவோ, காற்றறையில் அதன் அழுத்தம் இரத்தத்திலுள்ளதை விஞ்சிவிட, வழக்கத்திற்கு மாறாக நுரையீரலிலிருந்து இரத்தத்திற்குள் புகுகிறது; உடலியல் அறிஞர்களான ஹெர்மன் ரான், சுக் கி ஹாங் ஆகியோர் 1960-களில், மூச்சடக்கி மூழ்கும் கொரியக் கடற்பெண்களிடம் செய்த ஆராய்ச்சிகள் இத்துறைக்கு அடிப்படையாயின. மேலேறுகையில் நுரையீரல் விரிய, எஞ்சிய பிராணவாயுவின் அழுத்தம் திடீரெனச் சரிந்து, இரத்தத்திலிருந்தே அவ்வாயு திரும்ப வெளியேறவும் கூடும். ஆகவே நினைவு தப்பும் அபாயம் ஆழத்திலன்று, நீர்மட்டத்தை நெருங்கும் கடைசிச் சில மீட்டர்களில்தான். இதனைக் குளியாட்கள் யாவரும் அறிந்திருத்தல் அவசியம்.

மூழ்குமுன் அடுக்கடுக்காய் மூச்சு வாங்கும் பழக்கம் இவ்வபாயத்தை மிகுவிக்கிறது. ஹீமோகுளோபின் முன்னரே ஏறக்குறைய நிறைந்திருப்பதால் பிராணவாயு அதிகம் சேர்வதில்லை. கரியமிலவாயு மட்டும் குறைகிறது. மூச்சுவிடத் தூண்டுவது முக்கியமாக அதுவேயாகையால், எச்சரிக்கை பிந்தி, நினைவு முந்தித் தப்புகிறது. பாசி எடுக்கும் பெண்கள் மூழ்கும் சில மீட்டர் ஆழத்தில் அழுத்த மாற்றம் சிறிதே ஆயினும், இப்பழக்கத்தால் அவர்களும் இவ்வபாயத்திற்கு முற்றும் விலக்கானவர்களல்லர்.

அழுத்திய காற்றைக் குழாய்வழிப் பெற்று நெடுநேரம் மூழ்குவோருக்குப் பிறிதொரு வாயு பகையாகிறது. சாதாரணமாக எவ்விதச் செயலுமற்ற நைட்ரஜன், ஆழத்தில் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து, விரைந்து மேலேறினால் குமிழிகளாய்ப் பிரிந்து, மூட்டு வலியையும் சில சமயம் பக்கவாதத்தையும் விளைவிக்கிறது.