முகம் பார்த்துப் பெயர் எழுதியவர்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில், அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இங்கிலாந்தின் குளோஸ்ரர்ஷயரில் உள்ள ஸ்லிம்பிரிட்ஜ் சதுப்புநிலச் சரணாலயத்துக்குப் போயிருந்தேன். "இந்தக் குளிருக்குள்ள குருவி பாக்கவோ?" என்று அம்மா வழிநெடுக முணுமுணுத்தார். அங்கே ஊசிவால் தாராக்களைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "இது மாரிக்கு எங்கட வங்காலைப் பக்கம் வாறதல்லோ!" என்றார். உண்மைதான். வடக்கின் உறைபனிக்குத் தப்பி இங்கிலாந்துக்கும் மன்னாருக்கும் வந்து சேரும் இனம் அது.

இந்தச் சரணாலயத்தை 1946 கார்த்திகையில் தொடங்கியவர் பீற்றர் ஸ்கொட். தென்துருவப் பயணத்தில் 1912இல் உயிரிழந்த கப்டன் ஸ்கொட்டின் மகன். இளவயதில் தாராக்களையும் வாத்துகளையும் சுட்டு வேட்டையாடியவர். அவற்றையே ஓவியமாகவும் தீட்டியவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படை அதிகாரியாக இருந்தார். போர் முடிந்தபின் செவர்ன் ஆற்றங்கரைச் சதுப்பில் பறவைகளுக்குப் பாதுகாப்பான இடம் அமைத்தார்.

ரஷ்யாவின் ஆர்க்டிக் சமவெளியிலிருந்து ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர் பறந்து பியூவிக் அன்னங்கள் அங்கு குளிர்காலம் கழிக்க வரும். தாயும் தகப்பனும் அந்த ஆண்டுக் குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு குடும்பமாகவே வரும். 1964இல் ஸ்கொட் தன் வீட்டு ஜன்னலூடாக ஒன்றைக் கவனித்தார். அலகிலுள்ள மஞ்சளும் கறுப்பும் எந்த இரண்டு அன்னத்துக்கும் ஒரேமாதிரி இல்லை. ஒவ்வொரு முகத்தையும் வரைந்தார். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். லான்சலொட் என்று பெயரிட்ட அன்னம் இருபதுக்கும் மேற்பட்ட குளிர்காலங்களில் திரும்பி வந்தது. யாருக்கு யார் துணை, யாருடைய பிள்ளை யார், யார் இவ்வருடம் வரவில்லை என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில் சேர்ந்தது.

அந்தக் கணக்கு இருந்தபடியால்தான் இழப்பும் தெரியவந்தது. சட்டப் பாதுகாப்பு இருந்தும், 1970களில் எக்ஸ்றே எடுத்துப் பார்த்த அன்னங்களில் மூன்றிலொரு பங்கின் உடலில் துப்பாக்கிச் சன்னங்கள் இருந்தன. 1995இல் வடமேற்கு ஐரோப்பாவில் சுமார் 29,000 ஆக இருந்த தொகை 2010இல் 18,000 அளவுக்கு இறங்கியது. குளிர் குறைந்ததால் பல அன்னங்கள் நெதர்லாந்திலும் ஜேர்மனியிலுமே தங்கிவிடுகின்றன.

மாலையில் குளத்தில் விளக்குப் போட்டு அன்னங்களுக்குத் தானியம் போட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "குருவிக்கே பேர் எழுதி வைச்சிருக்கினம். எங்கட சனத்தை ஆர் எழுதினது?"

என்னிடம் பதில் இல்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாங்களும் ஒரு கோப்பு இலக்கமாகத்தானே பல வருடம் இருந்தோம்.

அன்றிரவு வீட்டில் ஒரு அப்பியாசக் கொப்பி எடுத்தோம். எங்கள் ஒழுங்கையின் முதல் வீட்டிலிருந்து அம்மா சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். பெயர், யாருடைய பிள்ளை, எந்த ஆண்டு ஊரைவிட்டுப் போனவர், இப்போது எங்கே. சில பெயர்களுக்கு எதிரே கடைசிக் கட்டம் வெறுமையாகவே கிடக்கிறது. ஆனாலும் பெயர் இருக்கிறது.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருப்பார்கள். இந்தக் குளிர்கால விடுமுறையில் ஒரு கொப்பியோடு அவர்களுக்குப் பக்கத்தில் இருங்கள். எழுதுவதைப் பிள்ளைகளிடம் விடுங்கள்.