காவிரிக்கரை மேதையும் லேசர் முடுக்கியும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த ஊர் திருவானைக்காவல். 1888 நவம்பர் 7 அன்று சர் சி. வி. இராமன் அங்கே பிறந்தார். அவருடைய முன்னோர் தஞ்சை மாவட்டத்தில் வேளாண்மை செய்து வாழ்ந்தவர்கள். எலெக்ட்ரான்களை லேசர் ஒளியால் விரட்டும் முடுக்கிகளின் வரலாற்றிலும் இராமனின் பெயர் இடம்பெற்றுள்ளது. அது எவ்வாறு என்று காண்போம்.

1928இல் கல்கத்தாவில் இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் திரவங்களின் வழியே ஒளியைச் செலுத்தி ஆராய்ந்தனர். சிதறிய ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறியிருந்தது. ஒளி தன் ஆற்றலில் ஒரு பங்கை மூலக்கூறுகளின் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு வெளிவருவதே இதன் காரணம். இதுவே 1930இல் நோபல் பரிசு பெற்ற இராமன் விளைவு.

இனி முடுக்கிக்கு வருவோம். வழக்கமான முடுக்கியில் உலோக அறைகளில் உண்டாகும் மின்புலம் எலெக்ட்ரான்களைத் தள்ளுகிறது. அந்தப் புலம் ஓர் அளவை மீறினால் உலோகத்தில் மின்பொறி தெறிக்கும். ஆகவே ஆற்றல் கூட வேண்டுமானால் நீளத்தைத்தான் கூட்டவேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு முடுக்கி சுமார் 3 கிலோமீட்டர் நீளமானது!

1979இல் தாஜிமா, டாசன் என்னும் இரு அறிஞர்கள் ஒரு புதுவழி கூறினர். உலோகத்துக்குப் பதில் பிளாஸ்மாவைப் பயன்படுத்தலாம் என்றனர். பிளாஸ்மா என்பது அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் வாயு. ஏற்கெனவே சிதைந்த பொருளை மின்புலம் மேலும் என்ன செய்துவிடும்?

காற்றடிக்கும்போது நெல்வயலைப் பாருங்கள். ஒவ்வொரு பயிரும் நின்ற இடத்திலேயே அசைகிறது. அலையோ வயல் முழுவதும் ஓடுகிறது. அதுபோலவே லேசர் துடிப்பு பாயும்போது பிளாஸ்மாவில் ஓர் அலை, ஏறத்தாழ ஒளியின் வேகத்தில், பின்தொடர்ந்து ஓடுகிறது. கடலலையில் ஏறிய கட்டுமரம் கரைக்கு விரைவதுபோல, இவ்வலையில் சிக்கும் எலெக்ட்ரான்கள் ஆற்றல் பெறுகின்றன.

1995இல் இங்கிலாந்தில் நடந்த சோதனையில் இராமன் சிதறலே இந்த அலையை வளர்த்தது. இங்கே மூலக்கூறுகளின் இடத்தில் பிளாஸ்மா எலெக்ட்ரான்களின் கூட்டு அசைவு. நிறம் மாறிய ஒளியும் மூல ஒளியும் சேர்ந்து அலையை மேலும் வலுவாக்கின. எலெக்ட்ரான்கள் 4 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேலான ஆற்றல் பெற்றன. ஆனால் அவற்றின் ஆற்றல் ஒரே அளவாக இல்லை.

பின்னர் துடிப்பை மிகவும் சுருக்கி, ஒரே தள்ளலில் அலையை எழுப்பக் கற்றனர். 2004இல் மூன்று குழுக்கள் ஏறக்குறைய ஒரே ஆற்றலுள்ள கற்றைகளைப் பெற்றன. 2006இல் பெர்க்லியில் 3.3 சென்டிமீட்டரிலேயே 100 கோடி எலெக்ட்ரான் வோல்ட் எட்டப்பட்டது! இந்தூரிலுள்ள இண்டஸ்-2 முடுக்கி வளையத்தின் ஆற்றல் 250 கோடி எலெக்ட்ரான் வோல்ட். அதன் சுற்றளவு 172 மீட்டர். அந்த வளையம் உள்ள ராஜா ராமண்ணா மையத்திலேயே லேசர் முடுக்கச் சோதனைகளும் நடந்துள்ளன.

எனினும் ஒரு குறை உண்டு. லேசர் உண்ணும் மின்சாரத்தில் மிகச் சிறு பங்கே எலெக்ட்ரான்களைச் சேர்கிறது. அந்த வீணடிப்பைக் குறைத்தால், பெரிய ஆய்வுக்கூடங்களில் மட்டுமே கிடைக்கும் கற்றைகள் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் எட்டும். அதற்கு வழி காணும் பணி இன்றைய மாணவர்களுக்குக் காத்திருக்கிறது.