ஹத்தீனும் கலிங்கமும்: ஒரே மேசையில் இரண்டு போர்கள்

1099-இல் சிலுவைப் படையினர் ஜெருசலேமைப் பிடித்தார்கள். ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து, முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் காஞ்சியிலிருந்து வடக்கே போய்க் கலிங்கத்தை அடித்தான். இரண்டும் ஒரே தலைமுறையில் நடந்தவை. இடைக்காலப் போர்களைப் படிக்கவும், படித்ததை மேசைமேல் ஆடிப் பார்க்கவும் ஆசைப்படும் திருப்பூர் முதலிபாளையத்துப் பனியன் தொழில் இளைஞர் எதில் தொடங்குவது? சிலுவைப் போர்களில் பிற்பாடு நடந்த ஹத்தீனையும், நம் கலிங்கப் போரையும் எடுத்துக்கொள்கிறேன்.

ஹத்தீனின் கதை தண்ணீரின் கதை. 1187 ஜூலையில் எகிப்து, சிரியா சுல்தான் சலாவுதீன், சிலுவைப் படையினர் வசமிருந்த திபேரியாவை முற்றுகையிட்டார். கோட்டைக்குள் சிக்கியிருந்தவர் திரிப்போலி பிரபு மூன்றாம் ரேமண்டின் மனைவி. ஆனாலும் மீட்கப் போக வேண்டாம் என்று தடுத்தவர் அதே ரேமண்ட்தான். செஃபோரியா ஊற்றை விட்டுக் கிளம்பினால் கோடையில் படை வறண்டு சாகும் என்றார். ஜெருசலேம் அரசர் கீ முதலில் ஒப்புக்கொண்டு, இரவில் மனம் மாறினார். ஜூலை 3 காலை படை புறப்பட்டது. நாள் முழுக்க அம்பு மழை. இரவு தண்ணீரில்லாத மேட்டில் முகாம். சலாவுதீனின் ஆட்கள் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தார்கள். எதிரே திபேரியா ஏரி இருந்தும் போய்ச் சேர முடியவில்லை. மறுநாள் ஹத்தீன் குன்றருகே அரசரே சிறைப்பட்டார். அக்டோபர் 2-இல் ஜெருசலேம் சலாவுதீன் கைக்குப் போனது.

இதைப் படிக்க இரு தரப்புச் சாட்சியமும் கிடைக்கிறது. சலாவுதீனின் செயலாளர் இமாதுத்தீன் ஒரு பக்கம், பிரெஞ்சு மொழி வரலாற்றுப் பதிவுகள் மறுபக்கம். ஸ்டீவன் ரன்சிமனின் மூன்று தொகுதிகள் (1951-54) முழுப் படத்தைத் தரும். ஆனால் முதலில் கையில் எடுக்க வேண்டியது அமீன் மாலூஃப் 1983-இல் அரபுத் தரப்பிலிருந்து எழுதிய நூல் என்பேன். அது சிறியது, வேகமானது; வெளியிலிருந்து வந்த படையை உள்ளூர்க்காரர் எப்படிப் பார்த்தார் என்று காட்டுவது.

மேசைக்கு வருவோம். எச்.ஜி. வெல்ஸ் 1913-இலேயே பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போருக்கு விதிப் புத்தகம் எழுதினார். இன்று தொடங்குபவருக்கு ஏற்றது, 1990-இல் வந்த டி.பி.ஏ. என்ற மேசைப் போர் விதிமுறை. பக்கத்துக்கு 12 படைப்பிரிவுகள் போதும். ஒரு சுற்றில் எத்தனை பிரிவை நகர்த்தலாம் என்பதைப் பகடை சொல்லும். ஈயப் பொம்மைகள் வாங்க அவசரப்பட வேண்டாம். பேட்டர்ன் அட்டையை 4 செ.மீ. அகலத்துக்கு வெட்டி, குதிரை, வில், ஈட்டி என்று எழுதுங்கள். கட்டிங்கில் மிஞ்சிய காக்கி நிறப் பனியன் துணி நிலம். அடியில் இரண்டு நூல் கோன் வைத்தால் ஹத்தீனின் இரட்டைக் குன்று. சிலுவைப் படைக்குக் கொஞ்சம் சட்டைப் பட்டன் கொடுங்கள், அதுதான் தண்ணீர். சுற்றுக்கு ஒரு பட்டன் போகும். தீர்ந்துவிட்டால் பகடையில் விழும் எண்ணில் ஒன்றைக் கழியுங்கள். கீ செய்த தவறு என்ன என்பது அப்போது விரல் நுனியில் புரியும்.

இரு தரப்புச் சாட்சியம் என்ற வசதி கலிங்கப் போரில் இல்லை. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி வென்றவர் அவையில் பிறந்த நூல். ஆறு ஆறாகக் கடந்து படை போவதைச் சொல்லும். கலிங்கர் ஒளிந்த மலையை இரவெல்லாம் வளைத்து நின்றதைச் சொல்லும். எத்தனை பேர், எந்த மேடு, எந்தப் பக்கம் காற்று என்று கேட்டால் பதில் கிடைக்காது. ஆனால் சிலுவைப் போர்க் குறிப்புகளில் நான் காணாத ஒன்று இதில் உண்டு. தோற்ற வீரர்கள் உயிர் தப்ப வேடம் போடுகிறார்கள்: ஒருவன் வில்லின் நாணைப் பூணூலாக மாட்டிக்கொண்டு கங்கையாடப் போகிறேன் என்கிறான், இன்னொருவன் துணியைக் களைந்து சமணன் என்கிறான். பிறகு பேய்கள் களத்துப் பிணங்களைக் கொண்டே கூழ் அடுகின்றன. வெற்றியைப் பாட வந்த கவிஞர்தான் போரின் மிச்சத்தை இவ்வளவு பச்சையாகக் காட்டுகிறார்.

பரணியில் ஓடி ஒளியும் கலிங்க அரசர் அனந்தவர்மன் சோடகங்கன், சோழர் குலப் பெண்ணின் மகன். 1078-இல் பட்டமேறியவர், இந்தப் போருக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் ஆண்டார். பூரி ஜெகந்நாதர் கோயிலைக் கட்டத் தொடங்கியவரும் அவரே. ஆகவே கலிங்கத்தை மேசையில் வைத்தால் வெற்றி விதியை மாற்ற வேண்டும். ஆடு புலி ஆட்டம் ஆடியவருக்கு இது புதிதல்ல. 3 புலிக்கு ஆட்டை வெட்டுவது குறி, 15 ஆட்டுக்குப் புலியை அடைப்பது குறி. சோழர் களத்தைப் பிடித்தால் வெற்றி. அரசர் அட்டை மேசை விளிம்பைத் தாண்டித் தப்பினால் கலிங்கமும் தோற்கவில்லை.

என் தீர்ப்பு: ஆட்டத்துக்கு ஹத்தீன் முதலில், படிப்புக்குப் பரணியை ஒத்திப்போடாதீர்கள். ஹத்தீனை ஆடும்போது சலாவுதீன் பக்கம் உடனே உட்காராதீர்கள். முதல் தடவை கீயின் இடத்தில் உட்கார்ந்து, செஃபோரியாவை விட்டுக் கிளம்புவதா வேண்டாமா என்று நீங்களே முடிவெடுங்கள்.