உப்புவெளியில் ஒரு முதியவர்

மோட்டார் சைக்கிளில் விரைந்து சென்ற அனுபவம் உங்களுக்கு உண்டா? முதலில் காற்று இதமாக முகத்தைத் தொடும். வேகம் கூடினால் சட்டை படபடக்கும். இன்னும் கூடினால் கண்ணைத் திறக்கவே இயலாது. அந்தக் காற்றோடு ஏறத்தாழ அரை நூற்றாண்டு மல்லுக்கு நின்ற ஒரு மனிதரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

பர்ட் மன்றோ 1899-இல் பிறந்தவர். நியூசிலாந்தின் தென்கோடியிலுள்ள இன்வர்கார்கில் நகரத்தவர். 1920-இல் அவர் 'இந்தியன் ஸ்கவுட்' என்னும் மோட்டார் சைக்கிளை வாங்கினார். பெயரைக் கண்டு நம் நாட்டு வண்டி என்று மகிழ வேண்டாம். அது அமெரிக்கத் தயாரிப்பு; அந்நாட்டுப் பழங்குடியினரைக் குறிக்கும் பெயர் அது. 600 கன சென்டிமீட்டர் எஞ்சின். அதன் உச்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 90 கிலோமீட்டர். 47 ஆண்டுகள் கழித்து அதே வண்டியை அவர் மணிக்கு 184 மைல் வேகத்தில் ஓட்டினார். அப்போது அவருக்கு வயது 68!

இது எவ்வளவு கடினமான செயல் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. அதை வெல்ல எஞ்சின் தர வேண்டிய திறனோ மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் 3.3 மடங்கானால் திறன் சுமார் 36 மடங்காக வேண்டும். வகுப்பில் கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டினால், மாணவர்கள் என் கூட்டலில்தான் சந்தேகப்படுவார்கள். மன்றோ எஞ்சினைக் குடைந்து பெரிதாக்கியும் அதன் கொள்ளளவு 950 கன சென்டிமீட்டரை எட்டியது, அவ்வளவுதான். ஒன்றரை மடங்குக்குச் சற்றே அதிகம். மீதிக்கு என்ன வழி?

ஒரு வழி, எஞ்சினை மிக வேகமாகச் சுழலவிடுவது. ஆனால் சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நின்று திரும்புகிறது. சுழற்சி வேகம் இரட்டித்தால் இணைப்புத் தண்டை இழுக்கும் விசை நான்கு மடங்காகும். எனவே உறுப்புகள் முறிந்தன. ஆண்டுக்கணக்கில் முறிந்துகொண்டே இருந்தன. மன்றோவிடம் தொழிற்சாலை கிடையாது. வண்டி நின்ற கொட்டகைதான் அவருக்குப் பட்டறை, பிற்காலத்தில் வீடும் அதுவே. பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்துப் பிஸ்டன்களை வார்த்தார். வார்ப்பிரும்புக் குழாயிலிருந்து சிலிண்டரையும், டிராக்டர் அச்சிலிருந்து இணைப்புத் தண்டையும் கைப்படக் கடைந்தெடுத்தார். முறிந்த உறுப்புகளை வீசி எறியாமல் ஓர் அலமாரியில் அடுக்கி, 'வேகத் தெய்வத்துக்குப் படையல்' என்ற பொருள்பட எழுதி வைத்தார். எந்த ஆய்வுக்கூடத்திலும் இருக்க வேண்டிய அலமாரி அது என்பேன். நாமோ தவறிய சோதனையின் தாளைக் கிழித்துப் போட்டுவிடுகிறோம்.

மற்றொரு வழி, காற்றை ஏமாற்றுவது. வண்டியை மீன்வடிவக் கூடு ஒன்றால் மூடி, அதனுள் குப்புறப் படுத்தபடி ஓட்டினார். இடம், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள போனவில் உப்புவெளி. வற்றிப்போன பழைய ஏரியின் தரை. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,280 மீட்டர் உயரம் என்பதால் அங்கே காற்று சற்று மெல்லியது. தடை குறையும் என்று நாம் மகிழ்வதற்குள், எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைந்துவிடுகிறது! அங்கே 1962-இல் மணிக்கு 178.95 மைல் வேகத்தில் முதல் சாதனையைப் படைத்தார்.

கூடு தடையைக் குறைத்தாலும், நிலைப்பு வேறு சங்கதி. 1967-இல் ஓர் ஓட்டத்தில் பாதி தூரம் கடந்ததும் வண்டி தள்ளாடத் தொடங்கியது. வேகத்தைக் குறைக்க மன்றோ என்ன செய்தார் தெரியுமா? நிமிர்ந்து உட்கார்ந்தார்! தன் மார்பையே தடைக்கட்டையாக்கினார். காற்று அவரது கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போயிற்று, பார்வை மறைந்தது. எஃகுக் கம்பம் ஒன்றைச் சில அங்குல இடைவெளியில் தப்பி, வண்டியைச் சாய்த்துத் தரையில் விழுந்தார். சிராய்ப்புகளோடு எழுந்தார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் 1,000 கன சென்டிமீட்டர் பிரிவில் சாதனை படைத்தார். காற்றின் உதவியைக் கழிப்பதற்காக, எதிரெதிர்த் திசைகளில் இருமுறை ஓட்டிச் சராசரி எடுப்பது விதி. அவருடைய ஓட்டங்கள் 184.710, 183.463 மைல். பதிவேட்டில் ஏறிய சராசரியோ 183.586. காகிதமும் பேனாவும் எடுத்து நீங்களே சரிபாருங்கள்.

பிழை தெரிகிறதல்லவா? அதைப் பல்லாண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. பின்னர் மன்றோவின் மகன் கவனித்துச் சொல்ல, அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் 2014-இல் சாதனையை 184.087 என்று திருத்தியது. அரை மைல்தான் வேறுபாடு. அந்த அரை மைலுக்காகக் கொட்டகையில் எத்தனை இரவுகள் கழிந்தனவோ! மன்றோ 1978-இலேயே காலமாகியிருந்தார்.